ஹோஸ்ட் என்றால் வீட்டுக்காரர்

எடை மெஷினில் ஏறும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால் உடம்பு லேசாகிவிடாது என்று குணசீலனுக்குத் தெரியும். இருந்தும் பிடித்துக்கொண்டான். "மூணே கால் கிலோ ஏறியிருக்கீங்க சார். தண்ணி குடிச்சீங்களா?" ஸ்டெல்லா சிஸ்டருக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமே கிடையாது, டயாலிசிஸ் வார்டே திரும்பிப் பார்ப்பது போலிருந்தது. வழக்கமாக இந்தக் கேள்வியின்போது பக்கத்தில் மனைவி யமுனா நிற்பாள், வெயிலைச் சொல்லியோ பழத்தைச் சொல்லியோ சமாளிப்பாள். இன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், லீவு கிடைக்கவில்லை. அவளுக்குப் பதிலாக வந்து நிற்பது அவளுடைய அம்மா. ருக்மணி அத்தை, கையில் வயர்கூடை, கூடைக்குள் அவனுக்குப் போர்த்திக்கொள்ளத் துவைத்து மடித்த போர்வை. "இல்லீங்க சிஸ்டர், ரசம் கொஞ்சம் கூடிருச்சு போல" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் அந்த ரசத்தை வைத்தது யார் என்று உறைத்தது. அத்தை கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். அவனுக்கு ஊற்றுகிற ரசத்தை அவள் சின்னக் கரண்டியால் அளந்துதான் ஊற்றுவாள். அதில் எடை ஏறாது என்று அவளுக்குத் தெரியும். விடிகிற நேரத்தில் பாத்ரூம் குழாயை நூல் மாதிரித் திறந்துவிட்டு உள்ளங்கையில் பிடித்துப் பிடித்து, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் அவன் குடித்ததும் தெரிந்திருக்குமோ? அவளுடைய அறைச் சுவரும் பாத்ரூம் சுவரும் ஒன்றுதான். இன்ஜினியரிங் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற ஒருவன், நாற்பத்து நாலு வயதில், மாமியார் வீட்டுக் குழாயில் தண்ணீர் திருடுகிறான். திருடுகிறான் என்பது சரியான சொல்தானா, வாரியத்துக்காரன் விடுகிற தண்ணீரை யார் வேண்டுமானாலும் குடிக்கலாமே என்று மனசு உடனே சொல்லாராய்ச்சிக்குப் போய்விட்டது. அது எப்போதும் அப்படித்தான். சுடுகிற இடத்திலிருந்து காலை எடுத்துச் சொற்களின் மேல் வைத்துக்கொள்ளும்.

இரண்டு ஊசியையும் குத்தி முடித்து, ரத்தம் சிவப்புக் குழாய் வழியாக மெஷினுக்குப் போகத் தொடங்கியதும் சிஸ்டர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தாள். இனி நாலு மணி நேரம் இடது கையை அசைக்கக் கூடாது. "உக்காருங்க அத்தை" என்றான். "இருக்கட்டுங்க மாப்ள." படுக்கைப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் காலியாகத்தான் கிடந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனுக்கு எதிரே அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவன் ஹாலுக்கு வந்தால் எழுந்து சமையலறைக்குப் போவாள், டிவியில் பாதி ஓடுகிற சீரியலை விட்டுவிட்டு. அவளுடைய வீடு, அவளும் மாமாவும் மில்லில் ஷிப்ட் மாற்றி மாற்றி வேலை பார்த்து, சொசைட்டியில் இடம் வாங்கிக் கட்டிய வீடு, சிங்காநல்லூரில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிற தூரம். வேறு வீடு பார்க்கிற வரைக்கும் என்று சொல்லித்தான் அவனும் யமுனாவும் அங்கே வந்தார்கள். அப்போது மாமா போய் நாற்பது நாள் ஆகியிருக்கவில்லை, அத்தை ஒண்டியாக இருக்கிறாள் என்பது வெளியே சொன்ன காரணம். அவன் வேலை பார்த்த கல்லூரியில் நாலு மாசமாகச் சம்பளம் வரவில்லை என்பது உள்ளே இருந்த காரணம். வேறு வீடு இன்றுவரை பார்க்கவில்லை. அந்த வீட்டில் இன்னமும் அவன் ப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை இருமுவான். கதவைச் சத்தம் வராமல் சாத்துவான். செருப்பை ஓரமாக, எல்லார் செருப்புக்கும் கடைசியாக விடுவான். ஆணி அடிக்க வேண்டும் என்றால் யமுனாவை விட்டுக் கேட்கச் சொல்வான். மாமியார் வீட்டில் இருப்பவன் என்று யாரும் ஒரு நாளும் அவனைச் சொன்னதில்லை, அத்தை வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை, அதனாலேயே இரும வேண்டியிருந்தது.

குளிர்ந்தது. கேட்காமலே அத்தை போர்வையை விரித்துக் காலில் போட்டாள், போடும்போது அவன் கால் விரல் அவள் கையில் படாமல் பார்த்துக்கொண்டாள். நாளைக்குக் கமிட்டி. ரத்த சம்பந்தமில்லாதவர் கிட்னி கொடுக்கிறார் என்பதால் அத்தையைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள், யாராவது கட்டாயப்படுத்தினார்களா, காசு ஏதாவது பேசியிருக்கிறதா என்று. யமுனாவுக்குச் சர்க்கரை, அவள் கொடுக்க முடியாது. திருப்பூரில் இருக்கிற அவனுடைய சொந்த அண்ணன், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்டா" என்றார், அவர் வீட்டில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு ஒரு வருஷமாகியும் நேரம் வாய்க்கவில்லை. அப்புறம்தான் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், அவன் மருந்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சமையலறை வாசற்படியில் நின்று அத்தை சொன்னாள். அவனிடம் சொல்லவில்லை, யமுனாவிடம் சொன்னாள். "என்னோடது சேருமான்னு பாக்கச் சொல்லு யமுனா. எனக்கு ஒண்ணு போதும்." யமுனா அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள். அவன் என்ன சொன்னான்? வேண்டாங்க அத்தை. ஒரு தடவை. இங்கேதான் மனசு ஒவ்வொரு நாளும் வந்து மாட்டிக்கொள்கிறது, முள்ளில் சேலை மாட்டுகிற மாதிரி. ஏன் ஒரு தடவை? இரண்டாவது தோசைக்கு வேண்டாம் என்று சொல்கிறோமே, தட்டின் மேல் கையை விரித்து, விரலுக்கு நடுவே இடம் விட்டு, அந்த வேண்டாம். குரல் எவ்வளவு தாழ்வாக வந்தது என்பதுகூட ஞாபகமிருக்கிறது. சமையலறை வரைக்கும் கேட்கக் கூடாது என்று அவனே அளந்து விட்ட மாதிரி. எங்கே அவள் சரிங்க என்று சொல்லிவிடுவாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ரிப்போர்ட் பொருந்தி வந்த அன்றைக்கு டாக்டர் அறையில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள அவன் பட்ட பாடு. வெளியே வந்து பாத்ரூமில் கண்ணாடியைப் பார்த்தபோது அவனுடைய வாய் அவனைக் கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தது. அறுபது வயதுப் பொம்பளையின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்போகிறார்கள், இவன் சிரிக்கிறான்.

"குட் மார்னிங், ப்ரொபசர்!" என்று அந்த டாக்டர் பெண் வந்தாள். நந்திதா என்று கோட்டில் பெயர். கல்கத்தாவிலிருந்து வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, தமிழில் வலி, தண்ணி, பயப்படாதீங்க இந்த மூன்றுதான் தெரியும். கமிட்டிக்கு முன்னால் கொடுக்கிறவரிடம் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும், ஸ்டெல்லா சிஸ்டர் கை வேலையாக இருக்கிறாள், நீங்கள் ஆங்கிலப் பேராசிரியராயிற்றே, நீங்களே சொல்லிவிடுங்களேன் என்றாள். அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வார்டில் அவனுக்கு மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான். அவள் கடகடவென்று, படித்து மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலச் சொன்னாள், அவன் ஒவ்வொன்றாகத் தமிழில் இறக்கிக்கொடுத்தான். ஆபரேஷன் மூன்று மணி நேரம் ஆகும். கொடுத்தவருக்கு ஐந்தாறு நாள் ஆஸ்பத்திரி. கனம் தூக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. வாங்கிக்கொள்கிற உடம்பை ஹோஸ்ட் என்போம், அது புதிதாக வந்ததை அந்நியம் என்று தள்ளப் பார்க்கும், அதற்கு மாத்திரை உண்டு. அத்தை ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். பிறகு டாக்டர், அதே வேகத்தில், அதே குரலில் சொன்னாள்: கொடுப்பவருக்கு மனசில்லை என்றால் கடைசி நிமிஷம் வரைக்கும் எங்களிடம் தனியாகச் சொல்லலாம், காரணம் கேட்கமாட்டோம், மருத்துவரீதியாகப் பொருந்தவில்லை என்று மட்டும்தான் வீட்டாரிடம் சொல்வோம், உண்மை யாருக்கும் தெரியவராது. சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். யார் முன்னால் எதைச் சொல்கிறோம் என்கிற யோசனை அவளுக்கு வரவேயில்லை, சின்னப் பெண். அத்தையும் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். "பயப்பட ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க அத்தை" என்றான். டாக்டர் பெண் தலையாட்டினாள், "பயப்படாதீங்க" என்று தன் மூன்றில் ஒன்றைச் சொன்னாள், போய்விட்டாள்.

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு சுலபமாக வந்தது அது. யோசித்தெல்லாம் செய்யவில்லை, நாக்கு தானாகவே அந்த வாக்கியத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது, ரோட்டில் கிடக்கிற எதையோ வண்டி சுற்றிக்கொண்டு போவது மாதிரி. இப்போதுகூடச் சொல்லலாம். இன்னும் ஒன்று சொன்னாங்க அத்தை, மறந்துட்டேன் என்று சொல்லலாம். அரை நிமிஷம்தான் ஆகிறது, அரை நிமிஷம் மறப்பது யாருக்கும் சகஜம். அவன் வாயைத் திறப்பதற்குள் அத்தை கேட்டாள், "ஏனுங் மாப்ள, அந்தப் பொண்ணு ஹோஸ்டு ஹோஸ்டுன்னுச்சே, ஹாஸ்டலுங்களா?" அவனுக்கு உயிர் வந்தது. அப்பாடா என்று இருந்தது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறாள், அது அவனுக்குத் தெரியும். "ஹாஸ்டல் இல்லீங்க அத்தை. ஆனா நீங்க சொன்னதும் தப்பில்ல, ரெண்டும் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தான். வகுப்பில் வருஷாவருஷம் சொல்கிற பாடம் இது. போர்டில் கெஸ்ட் என்று எழுதி, பக்கத்தில் ஹோஸ்ட் என்று எழுதி, ஒன்று வீட்டுக்கு வருகிறவன், ஒன்று வீட்டில் இருந்து வரவேற்கிறவன், எதிரும் புதிருமான இரண்டு சொற்கள், ஆனால் இரண்டுக்கும் தாய் ஒன்று என்று சொல்லி நிறுத்துவான், பையன்கள் நிமிர்வார்கள். ரொம்பப் பழைய காலத்தில், அந்தப் பாஷைகளெல்லாம் பிரிவதற்கு முன்னால், ஒரே சொல்தான் இருந்தது. அதற்கு அர்த்தம் முகம் தெரியாதவன், வாசலில் வந்து நிற்கிற அந்நியன். அது வடக்குப் பக்கப் பாஷைகள் வழியாக நடந்து வந்து கெஸ்ட் ஆனது. லத்தீனுக்குப் போய், பிரெஞ்சுக்குள் நுழைந்து, கொஞ்சம் உருமாறி ஹோஸ்ட் ஆனது. ஹாஸ்டல், ஹோட்டல், நாம் இப்போது இருக்கிற ஹாஸ்பிடல், எல்லாம் அந்த வழியில் வந்த பிள்ளைகள். "அட" என்றாள் அத்தை, நிஜமாகவே. "அப்ப கெஸ்ட்டுன்னா ஒரம்பரை." "ஆமாங்க." "ஹோஸ்ட்டுக்கு நம்ம பேச்சுல என்னங்க?"

அங்கே நின்றுவிட்டான். விருந்தோம்புபவர் என்று அகராதியில் இருக்கும், வாயால் யார் சொல்கிறார்கள். வருகிறவனுக்கு விருந்தாளி, ஒரம்பரை, சொந்தம், இத்தனை இருக்கிறது. வரவேற்று, இலை போட்டு, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிற ஆளுக்குப் பேச்சில் ஒரு பெயரில்லை. பழைய தமிழில் விருந்து என்றால் புதிது என்று அர்த்தம். வந்தவனைத்தான் அதுவும் பார்க்கிறது. "வீட்டுக்காரங்கன்னுதான் சொல்லோணும்" என்றான். சொன்னதும் வாய் கசந்தது. யமுனா போனில் யாரிடமாவது பேசும்போது எங்க வீட்டுக்காரர் என்கிறாளே, அது அவனை. இந்த டாக்டர் பெண் ஹோஸ்ட் என்கிறாளே, அதுவும் அவனை. ஆயுசில் ஒரு ஆளுக்கும் வீட்டுக்காரனாக இருந்ததில்லை, ப்ரிட்ஜைத் திறக்கும் முன் இருமுகிறவன், அவனுக்கு இரண்டு வழியிலும் அந்தப் பெயர். வீட்டைக் கொடுத்தவள் நிற்கிறாள், உடம்பிலிருந்தும் கொடுக்க வந்து நிற்கிறாள். பாடத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது, அதை அவளிடம் சொல்லவில்லை. அதே பழைய தாய்க்கு மூன்றாவதாக ஒன்று பிறந்தது, லத்தீனில், அதற்கு அர்த்தம் எதிரி. அந்நியன் வாசலில் வந்து நின்றான், ஒரு வீட்டில் சோறு போட்டார்கள், ஒரு வீட்டில் கம்பை எடுத்தார்கள், சொல் மூன்றாக உடைந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது கை தட்டுவார்கள். சோற்றைத் தின்றுகொண்டே கம்பை ஒளித்துவைத்திருக்கிறவனுக்கு எந்த மொழியில் என்ன பெயர்? ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை, அதற்குப் போய் இவ்வளவா என்று தன்னையே அதட்டிப் பார்த்தான். அவளாகத்தானே வந்து சொன்னாள். மனசில்லாதவளா சொல்வாள். மனசு இருக்கிறவளிடம் மனசில்லை என்றால் என்ன செய்யலாம் என்று சொல்வது அவளை அவமானப்படுத்துவது ஆகாதா? ஆகும்தான். நல்ல வாதம். இவ்வளவு நல்ல வாதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பயத்திலிருந்து வருகிறது. போன மாசம் வரைக்கும் ஜன்னலோரப் படுக்கையில் வந்துகொண்டிருந்த லாரி ஆபீஸ்காரர் இப்போது வருவதில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அந்தப் படுக்கையில் வேறு ஆள். அவனுக்கு வாழ வேண்டும். எப்படிப்பட்ட ஆசை இது, வெட்கங்கெட்ட ஆசை, குழாயில் வாய் வைத்துக் குடிக்கிற ஆசை. அத்தை இன்னமும் நின்றுகொண்டிருந்தாள். நாளைக்கு என்ன கேட்பார்கள் என்று தனக்குள் சொல்லிப் பார்க்கிறாளோ என்னவோ, உதடு அசைந்தது. "யாரும் கட்டாயப்படுத்தலீங்க" என்பது மட்டும் லேசாகக் காதில் விழுந்தது. அதையே திரும்பவும் சொன்னாள்.

கெண்டைக்கால் சதை திடீரென்று கல்லாகியது. நீரை வேகமாக இழுத்தால் அப்படித்தான், மூணே கால் கிலோவுக்கு இது கூலி. முதலில் சமாளித்துவிடலாம் என்று பல்லைக் கடித்தான், பிறகு அது முறுக்கிக்கொண்டு தொடைக்கு ஏறியது, "அம்மா" என்று கத்திவிட்டான். இடது கையை அசைக்க முடியாது, எழுந்து உட்கார முடியாது, சிஸ்டர் அந்தக் கோடியில் யாருக்கோ ஊசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "இருங்க சார், வர்றேன்!" போர்வை விலகியது. அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்து அவனுடைய பாதத்தைத் தன் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி விரல்களை முழங்கால் பக்கமாகத் தள்ளினாள். "விடுங்க அத்தை. காலை விடுங்க. ஐயோ, நீங்க போயி." "பேசாம இருங்க. மில்லுல நின்னு நின்னு எனக்கும் இப்படித்தான் இழுக்கும்." முழு பலத்தோடு தள்ளினாள், முகம் சிவந்தது. அவனைவிட மூத்தவள், அவன் விழுந்து கும்பிட வேண்டிய கால் அவளுடையது, அவனுடைய வெடித்த குதிகாலைத் தன் மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறாள். வலியைவிட அதுதான் தாங்கவில்லை. சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அவள் கையை எடுக்கவில்லை. அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான். தள்ளிய களைப்பா என்று பார்த்தான். இல்லை, வலி நின்ற பிறகும் நடுங்கின. வரும்போதே அவள் கூடையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தது இதனால்தானா? "அத்தை, உங்களுக்குப் பயமா இருக்குங்களா?" இத்தனை மாசத்தில் இதை அவன் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை. யமுனா அழுதாள், டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், அவன் ஒரு தடவை வேண்டாம் என்றான். அவள் அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள், "கத்தின்னா எனக்குச் சின்னதுலருந்தே ஆவாதுங்க மாப்ள. யமுனாவ வயித்துல வெச்சிருந்தப்பகூட ஆபரேசன்னு சொல்லீருவாங்களோன்னு ஓடிப்போலாம்னு பாத்தேன். அதையெல்லாம் பாத்தா முடியுங்களா. அவ ஒண்டியா நின்னுரக் கூடாதில்லைங்க." உங்களுக்காக என்று சொல்லவில்லை. சொல்லாதது அவனுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"இன்னொண்ணு சொன்னாங்க அத்தை, அந்த டாக்டர்." என்று ஆரம்பித்தான். "நான் உங்ககிட்டச் சொல்லல." அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. "மனசில்லைன்னா தனியாக் கூப்பிட்டுச் சொல்லலாமாம். எப்ப வேணாலும் சொல்லலாம். ஏன்னு கேக்க மாட்டாங்களாம். ஒடம்பு பொருந்தலைன்னு மட்டும் நம்மகிட்டச் சொல்லுவாங்களாம். உண்மை யாருக்கும் தெரியாதாம்." சொல்லிவிட்டான். லேசாகிவிடும் என்று நினைத்திருந்தான். அவள் மெதுவாக அவன் பாதத்தைப் படுக்கையில் வைத்தாள், போர்வையை இழுத்து மூடினாள். பிறகு, கோபமில்லாமல், கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள்: "யாருக்கும் தெரியாதுங்களா?" "தெரியாதாம்." "உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களே, மாப்ள." ஆமாம். சொல்லாமல் விட்டபோது அவளுடைய கதவை அடைத்தான். இப்போது திறந்துவிட்டு, அதே வாசலில் தானும் நின்றுகொண்டிருக்கிறான், போகிறவளைப் பார்ப்பதற்கு. அந்தச் சின்னப் பெண் செய்தது பாதித் தப்பு, மீதியை அவன் செய்து முடித்துவிட்டான். சொன்னாலும் வெட்கம், சொல்லாவிட்டாலும் வெட்கம் என்று ஒன்றை எப்படிச் சம்பாதித்துக்கொண்டான். "தெரிஞ்சாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேங்க அத்தை." எவ்வளவு அசட்டுத்தனமான பேச்சு. நினைக்காமல் எப்படி இருப்பான். "வேண்டாங்க அத்தை" என்றான் பிறகு, சத்தமாக. அடுத்த படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்கி நான் வேண்டாம்னு சொன்னது வேணுங்கறதுக்காகச் சொன்னது. எனக்கு வேணும்தான், பொய் சொல்லல. சாகறதுக்குப் பயமா இருக்கு. இருந்தாலும் நீங்க இப்படி நடுங்கிட்டுக் குடுக்க வேண்டாங்க." அவன் அழுதுகொண்டிருந்தான், ஒரு கையால் துடைக்க முடிந்த வரைக்கும் துடைத்தான். அவள் எழுந்தாள். கூடையை ஸ்டூல் மேல் வைத்தாள். "அந்த சிஸ்டரைக் கூட்டிட்டுப் போயி அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றனுங்க" என்றாள். என்ன பேச என்று அவன் கேட்கவில்லை.

கோடியில் இருந்த கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. டாக்டர் பெண்ணின் வெள்ளைக் கோட்டும் ஸ்டெல்லாவின் நீலச் சட்டையும், நடுவே அத்தையின் மாம்பழக் கலர்ச் சேலையும், சொரசொரப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று நிறமாகத் தெரிந்தன. எழுந்து போய்க் கேட்க முடியாது, கட்டிப்போட்டிருக்கிறது, அவனுடைய ரத்தமே அவனைக் கட்டியிருக்கிறது. சொல்லட்டும், மனசில்லை என்று சொல்லட்டும் என்று நினைத்தான், நினைத்து முடிப்பதற்குள் சொல்லிவிடக் கூடாதே என்றும் நினைத்தான். நடுங்கினால் என்ன, எல்லாரும்தான் நடுங்குகிறார்கள், ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடுவார்கள், அவளுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. ச்சீ. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களிடமிருந்து கிடைத்தால் கொடுக்கிற வரிசையிலும் பெயர் பதிந்திருக்கிறது, அது என்றைக்கு வருமோ, வாரத்துக்கு மூன்று தடவை இந்தப் படுக்கை, இந்தக் கேள்வி, தண்ணி குடிச்சீங்களா. மாம்பழக் கலர் அசைந்தது. உட்கார்ந்துவிட்டாளா? கையை ஆட்டிப் பேசுகிறாளா? நானே கொடுக்கிறேன், அந்தாள் உளறுகிறான் என்று சொல்லவும் கூடும், அவளால் முடியும், எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறவள்தானே. அப்படிச் சொல்லியிருந்தால் அவன் இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்வானா, நாளைக்குக் கமிட்டி முன்னால், எழுந்து நின்று? சொல்வான் என்றே நினைத்தான். ஒரு மூச்சு விட்டுத் திரும்பவும் கேட்டுப் பார்த்தபோது அவ்வளவு நிச்சயமாக இல்லை. டிவியில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டான். தாகமாக இருந்தது.

ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டுக் கண் திறந்தான். அத்தை உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவியிருந்தாள், முன்நெற்றி முடி ஈரமாக ஒட்டியிருந்தது. பின்னாலேயே டாக்டர் நந்திதா வந்தாள், இந்தத் தடவை ஒப்பிக்கவில்லை, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள். சீனியர் டாக்டர் ரிப்போர்ட்டுகளை மறுபடி பார்த்தார், கடைசியாக எடுத்த பரிசோதனையில் ஒன்று சரியாக வரவில்லை, உங்கள் மாமியார் மருத்துவரீதியாகப் பொருத்தமானவர் இல்லை, நாளைக்குக் கமிட்டிக்கு வர வேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றபோது அவளுடைய காது சிவந்திருந்தது. குணசீலன் அவளையே பார்த்தான். மார்புக்குள் எதுவோ கம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தது, அவ்வளவுதானா, இத்தனை மாசம் எனக்கு ஆசை காட்டிவிட்டா என்று. அது நின்றது, நின்றுகொண்டே இருந்தது, பிறகு அதற்குக் கை வலித்திருக்க வேண்டும், கம்பைக் கீழே போட்டது. ஒரு வேளை நிஜமாகவே பரிசோதனைதானோ? இருக்கலாம். அதையும் அவன் இனி ஆயுசு முழுக்கத் தெரிந்துகொள்ளாமலே இருக்க வேண்டும். அத்தை டாக்டரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கே உரிய அந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள், "என்னங்க சொல்றாங்க?" குரல் உடைந்திருந்தது. அவன் ஒன்றையும் விடவில்லை. "பெரிய டாக்டரு ரிப்போர்ட்டை இன்னொருக்காப் பாத்தாராம் அத்தை. கடைசி டெஸ்ட்ல ஒண்ணு சரியா வரலையாம். உங்க ஒடம்பு இதுக்குப் பொருந்தாதாம். நாளைக்குக் கமிட்டிக்குப் போக வேண்டியதில்லைங்க." கொஞ்சம் நிறுத்தி, "இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க" என்றான். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அத்தை முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. டாக்டர் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் "பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். மெஷின் இன்னும் சுற்றவேண்டியது நிறைய இருந்தது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான், பயம் அப்படியே இருந்தது, வெட்கமும் இருந்தது. சொல்லாமல் விட்டது விட்டதுதான், அது அரை நிமிஷமோ ஒரு மணி நேரமோ. வெகு நேரம் கழித்து அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். எழுந்து நிற்கவில்லை. "யமுனாகிட்ட யாருங்க சொல்றது?" என்றாள். "நான் சொல்லிர்றனுங்க." "என்னன்னு சொல்லுவீங்க?" அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கண்ணெல்லாம் சிவந்து, பதிலுக்காகக் காத்துக்கொண்டு, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் சொன்னதைத்தானுங்க அத்தை."